மேட்டுக்காட்டிலிருந்து கடலோரக் காவலுக்கு: புதிதாகப் போகிறவர்களுக்கு

என் தங்கை மகள் காவல் துறையில் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. திடீரென்று தூத்துக்குடிப் பக்கம் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு மாற்றல் வந்தது. காங்கயத்துக்குத் தெற்கே மேட்டுக்காட்டில் வளர்ந்த பெண். பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு) பாசன வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர் வந்தால் அதுவே அவளுக்கு வெள்ளம். உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, "மாமா, ரோட்டில் என்றால் வண்டியை நிறுத்திக் கேட்கலாம். கடலில் எதை நிறுத்துவது, எங்கே நிற்பது?" என்று கேட்டாள். நானும் அந்தக் கரையில் சில ஆண்டுகள் காக்கி உடுத்தியவன். அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் நீட்டி இங்கே எழுதுகிறேன். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் என்று கடலே இல்லாத மாவட்டங்களிலிருந்து அங்கே போகும் பிள்ளைகள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

முதலில் சுருக்கமாகப் பின்னணி. தமிழ்நாட்டின் கடற்கரை 1,076 கிலோமீட்டர் என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம். திருவள்ளூர் முதல் கன்னியாகுமரி வரை 14 மாவட்டங்கள் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. மாநிலக் காவல் துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1994இல் தொடங்கியது. 2008 நவம்பரில் மும்பைக்குள் பத்துப் பேர் கடல் வழியாக வந்து இறங்கிய பிறகுதான் நாடு முழுக்கக் கடலோரக் காவல் நிலையங்கள் பெருகின. அந்தப் பத்துப் பேர் வந்தது அயல்நாட்டுப் போர்ப்படகில் அல்ல. குபேர் என்ற நம் நாட்டு மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, அதில்தான் மும்பைக் கடலுக்கு வந்தார்கள். இதை மறக்காதீர்கள். கீழே சொல்வதில் பாதி இதை ஒட்டியதுதான்.

கிளம்புவதற்கு முன்: நீச்சல், வயிறு

நம் ஊரில் நீச்சல் என்றால் கிணறு. இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி மேலிருந்து தள்ளிவிடுவார்கள்; மூன்றாம் நாள் நீந்திக்கொண்டு வருவோம். அந்தத் தைரியம் நல்லதுதான், ஆனால் கடலுக்குப் போதாது. கிணற்றில் நான்கு பக்கமும் சுவர் தெரியும், தண்ணீர் அசையாது. கடலில் உப்பு உடலைத் தூக்கிக் கொடுக்கும், அலை முகத்தில் அடித்து மூச்சைக் கெடுக்கும். அதனால் வேகமாக நீந்தப் பழகுவதைவிட அசையாமல் மிதக்கப் பழகுங்கள். மல்லாந்து பத்து நிமிடம், அதுவும் சட்டை பேண்டோடு. பிறகு உயிர்காப்பு மேலங்கியை அணிந்துகொண்டு குதித்துப் பாருங்கள். அது கழுத்தில் ஏறிக்கொண்டு மோவாயை இடிக்கும் விதத்தை முதல் முறையாக நடுக்கடலில் கண்டுபிடிக்கக் கூடாது.

வயிறு அடுத்தது. என் முதல் ரோந்தன்று நன்றாகப் பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டுப் படகில் ஏறினேன். துறைமுக வாய் தாண்டி அரை மணி நேரத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. கூட இருந்தவர்கள் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது பழக்கம். எண்ணெய்ப் பண்டம் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். வாயில் ஒரு துண்டு இஞ்சி. கைபேசியையோ காகிதத்தையோ குனிந்து பார்க்காமல் அடிவானத்தைப் பாருங்கள். படகின் நடுப்பகுதியில் நின்றால் ஆட்டம் குறையும். அணியம், அதாவது முன்முனை, மிக மோசமான இடம். பெரும்பாலோர்க்கு இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும்.

முதல் வாரம்: படகில் ஏறாதீர்கள்

சேர்ந்த அன்றே படகில் ஏறத் துடிப்பார்கள். வேண்டாம். முதல் வாரம் கரையில் நடங்கள். வடக்கே வேம்பாரில் தொடங்கித் தருவைக்குளம், திரேஸ்புரம், புன்னைக்காயல், காயல்பட்டினம், திருச்செந்தூர், ஆலந்தலை, குலசேகரப்பட்டினம், மணப்பாடு, தெற்கே பெரியதாழை என்று தூத்துக்குடி மாவட்டக் கரையில் ஊர்களை வரிசையாக மனப்பாடம் செய்யுங்கள். உங்கள் நிலையத்தின் எல்லைக்குள் வரும் ஊர்களுக்கு நேரில் போங்கள். எத்தனை படகு, எந்த வகை, யார் எப்போது கிளம்புகிறார்கள், எப்போது திரும்புகிறார்கள், ஏலம் எங்கே நடக்கிறது, ஐஸ் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. நம் தோட்டத்துக் காவல்காரர் வேலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. ஊர் மாடு எல்லாம் அவருக்கு முகம் தெரியும். வாய்க்கால் கரையில் தெரியாத மாடு ஒன்று நின்றால் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். கடலிலும் அதே வேலைதான். எது எங்கே, எப்போது இருக்க வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் இருக்கக் கூடாதது கண்ணில் படும். ராடார் எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று நினைக்காதீர்கள். மரத்தாலான சிறு வள்ளமும் ஃபைபர் படகும் அதில் மங்கலாகத்தான் தெரியும்; அலை அதிகமான நாளில் அலைக்கும் படகுக்கும் வித்தியாசம் தெரியாது.

பேச்சும் மாற வேண்டும். நாம் "ஏனுங்க" என்று தொடங்கினால் அவர்கள் ஒரு கணம் திகைத்துவிட்டு, பிறகு சிரித்துவிடுவார்கள். அந்தச் சிரிப்பு நல்லது, விட்டுவிடாதீர்கள். அங்கே பெரியவர்களை அண்ணாச்சி என்று கூப்பிட்டுப் பழகுங்கள். காற்றின் பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள்: தெற்கிலிருந்து சோழகம், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே நம் தென்னையைச் சாய்க்கும் காற்று நமக்கு வெறும் ஆடிக்காற்று. கடற்கரைக்காரருக்குக் காற்றின் பெயரே அன்றைய நாள் திட்டம். கடலுக்குள் இருக்கும் பாறைத் திட்டைப் பார் என்பார்கள். ஒவ்வொரு பாருக்கும் பெயர் உண்டு. ஒருவர் ஒரு பாரின் பெயரைச் சொல்லி அங்கே வலை விட்டதாகச் சொன்னால், அது எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் சொல்வது உண்மையா என்று எப்படித் தெரியும்?

ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். இவை இரண்டையும் நாட்காட்டியில் வட்டமிடுங்கள். தடைக்காலத்தில் நள்ளிரவில் ஒரு விசைப்படகின் இயந்திரச் சத்தம் கேட்டால் அதற்கு நீங்கள் பதில் கண்டுபிடித்தாக வேண்டும்.

கணக்கு: கடலில் தூரமும் திசையும்

ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நம் நாட்டின் ஆட்சிக்கடல். ஏறக்குறைய 22 கிலோமீட்டர், ஈரோட்டிலிருந்து பெருந்துறைக்குச் சற்று அப்பால். கடலோரக் காவல் நிலையத்தின் அதிகாரம் அதுவரைதான், அதற்குள்ளும் கரையை ஒட்டிய ஆழம் குறைந்த பகுதியில்தான் நம் படகுகளுக்கு அன்றாட வேலை. அதற்கு வெளியே இந்தியக் கடலோரக் காவல்படை, கடற்படை. படகின் வேகத்தை நாட் என்பார்கள். மணிக்கு ஒரு கடல் மைல் ஒரு நாட். 25 நாட் என்றால் மணிக்கு 46 கிலோமீட்டர். டவுன் பஸ் வேகம்தான், ஆனால் அலை மேல் அந்த வேகத்தில் போனால் முதுகெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும்.

அட்சரேகையில் ஒரு மினிட், அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, ஒரு கடல் மைல். இந்த ஒன்று தெரிந்தால் வரைபடம் பாதி புரிந்துவிடும். திருப்பூர் ஏறக்குறைய 11 டிகிரி 6 மினிட், தூத்துக்குடி 8 டிகிரி 46 மினிட். வித்தியாசம் 140 மினிட்; அப்படியானால் வடக்கு தெற்காக 140 கடல் மைல், 259 கிலோமீட்டர். வீட்டு ஞாபகம் வரும்போதெல்லாம் இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். கணக்கும் பழகியது, ஞாபகமும் கொஞ்சம் அடங்கியது.

இரவில் விளக்குகள். ஒவ்வொரு கலத்துக்கும் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. சிவப்பு மட்டும் தெரிந்தால் அதன் இடப்பக்கத்தைப் பார்க்கிறீர்கள். சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் அது நேராக உங்களை நோக்கி வருகிறது. எந்த விளக்கும் இல்லாமல் இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டால், ஒன்று அவரிடம் பேட்டரி இல்லை, அல்லது அவருக்கு வெளிச்சம் வேண்டாம்.

இன்னொன்று: யார் எல்லை எது என்று தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். துறைமுக வளாகத்தின் காவல் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையிடம் இருக்கிறது. தீவுகள் வனத்துறையிடம். கடத்தல் சரக்கு சுங்கத்துறையிடம். படகுப் பதிவும் கடலுக்குப் போகும் டோக்கனும் மீன்வளத்துறையிடம். எல்லோருடைய கட்டுப்பாட்டு அறை எண்ணும் உங்கள் சட்டைப்பையில் காகிதத்தில் இருக்க வேண்டும், கைபேசியில் மட்டும் அல்ல. உப்புத்தண்ணீரில் கைபேசி முதலில் சாகும்.

(துறைமுக வாசலில் வ.உ.சிதம்பரனார் பெயரைப் பார்ப்பீர்கள். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி நடத்தியவரைச் செக்கிழுக்க வைத்தது நம் கோயம்புத்தூர்ச் சிறையில்தான். தூத்துக்குடிக்காரர்கள் இதை நமக்கு நினைவூட்டுவார்கள். பதில் சொல்லாமல் தலையாட்டிவிடுவது நல்லது.)

படகில்: நிறுத்துவது எப்படி

கடலோரக் காவலுக்கு 12 டன், 5 டன் விரைவுப் படகுகள் இருக்கின்றன. ஓட்டுபவர் பெரும்பாலும் கடற்படையிலோ கடலோரக் காவல்படையிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர்க்காவல் படையில் சேர்ந்த மீனவ இளைஞரும் கூட வருவார். உங்கள் தோள்பட்டையில் எத்தனை பட்டை இருந்தாலும் கடலில் இவர்கள் இருவரும் சொல்வதைக் கேளுங்கள். "இதற்கு மேல் போக வேண்டாம்" என்றால் போக வேண்டாம்.

ஒரு படகைச் சோதிக்க முடிவு செய்தால் வேலை தூரத்திலேயே தொடங்குகிறது. முதலில் எண். ஐ.என்.டி., டி.என்., பிறகு மாவட்ட எண், விசைப்படகென்றால் எம்.எம்., இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகென்றால் எம்.ஓ., கடைசியில் வரிசை எண். அதைக் கட்டுப்பாட்டு அறைக்கு விஎச்எஃப் கருவியில், அதாவது படகின் வானொலிக் கருவியில், சொல்லிவிட்டுப் பிறகு நெருங்குங்கள். வலை விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். தண்ணீரில் மிதவைகள் வரிசையாகத் தெரிந்தால் அவற்றுக்கு நடுவே போகவே கூடாது; ஒருவருடைய பல மாத வருமானத்தை உங்கள் இயந்திரம் நொடியில் அறுத்துவிடும், உங்கள் இயந்திரமும் அங்கேயே சிக்கிக்கொள்ளும். சுற்றிக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, குரல் கொடுத்து நெருங்குங்கள். அலை உயர்ந்திருந்தால் படகோடு படகை ஒட்டாதீர்கள். இடையில் கை வைத்தவர்களின் விரல்களைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு கேள்விகள். பதிவுச் சான்று, மீனவர் அடையாள அட்டைகள், டோக்கன், உயிர்காப்பு மேலங்கிகள். டோக்கனில் எத்தனை பேர் என்று இருக்கிறதோ அத்தனை தலைகளை எண்ணுங்கள். ஒரு தலை கூடினாலும் கேள்வி, குறைந்தால் அதைவிடப் பெரிய கேள்வி. ஆனால் காகிதத்தோடு நின்றுவிடாதீர்கள். மும்பைக்கு வந்த படகு நம் நாட்டுப் படகுதான், ஆட்கள்தான் வேறு. நம் சந்தையில் மாடு பிடிப்பவர் கொம்பையும் நிறத்தையும் பார்த்துவிட்டு விலை பேசுவதில்லை. சுழி பார்ப்பார், நடக்க விட்டுப் பார்ப்பார். அதேபோல் பேச்சுக் கொடுங்கள். இன்று என்ன பாடு (எவ்வளவு மீன் கிடைத்தது), எந்தப் பாரில் வலை விட்டீர்கள், காற்று எப்போது திரும்பும்? கையைப் பாருங்கள். வலை இழுக்கிறவர் உள்ளங்கைக்கும் கடலுக்குப் புதிதாக வந்தவர் உள்ளங்கைக்கும் வித்தியாசம் உண்டு. ஐந்து நிமிடப் பேச்சில் தெரிந்துவிடும்.

மீன் கொடுப்பார்கள், அன்பாகத்தான் கொடுப்பார்கள். வாங்காதீர்கள். சங்கடமாக இருக்கும், "எங்கள் ஊரில் இன்று கிருத்திகை, கவிச்சி இல்லை" என்று சொல்லித் தப்பியிருக்கிறேன். எல்லா நாளும் கிருத்திகை வருமா என்று ஒரு பாட்டி கேட்டார்.

தீவுகள்

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் வான்தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குச்சல்லி. இவற்றில் விலாங்குச்சல்லி தண்ணீருக்குள் போய்விட்டது; சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை ஆண்டுக்கணக்கில் வெட்டியெடுத்ததைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்கிறார்கள். வான்தீவும் தேய்ந்துகொண்டே வந்து, அதைக் காப்பாற்றக் கடலுக்குள் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள்.

தீவு ரோந்து என்றால் இறங்கி நடப்பது என்று புதியவர்கள் நினைப்பார்கள். இறங்கக் கூடாது, வனத்துறை அனுமதி வேண்டும், அவர்களோடு சேர்ந்துதான் போக வேண்டும். சுற்றிவருவதுதான் நம் வேலை. அதுவும் நெருங்கி அல்ல: தீவைச் சுற்றிப் பவளப்பாறை, தண்ணீர் ஆழம் சில இடங்களில் முழங்கால் அளவு. அங்கே இயந்திரத்தின் விசிறி தட்டினால் படகும் போச்சு, பவளமும் போச்சு. தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு மெதுவாக ஒரு சுற்று வாருங்கள். புகை, தார்ப்பாய், தண்ணீர் கேன், மணலில் புதிதாகப் படகு இழுத்த தடம், காக்கையும் நாரையும் ஓரிடத்தில் இறங்காமல் சுற்றிக்கொண்டே இருப்பது. தீவில் குடிநீர் கிடைக்காது என்பதால் ஆள் தங்கினால் கேன் நிச்சயம் இருக்கும். நான் முதலில் தேடுவது கேனைத்தான்.

தீவுப் பகுதியில் அதிகம் பிடிபடுவது கடல் அட்டை. பார்க்கக் கறுத்த வெள்ளரிக்காய்போல இருக்கும், தொட்டால் அருவருப்பு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001 முதல் அதைப் பிடிக்கவே தடை. காய வைத்ததைச் சாக்கில் பார்த்தால் முதல் முறை அடையாளமே தெரியாது, ஏதோ சுட்ட கிழங்கு என்று நினைத்துவிடுவீர்கள். நிலையத்தில் பழையவர்களிடம் படம் கேட்டு வாங்கிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள்

இதில் மட்டும் நமக்கு மற்றவர்களைவிட அறிவு அதிகம். இலங்கை 2019 கடைசியில் மஞ்சள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. அங்கே விலை ஏறியது. இங்கே கரையில் இரவோடு இரவாக மூட்டைகள் ஏறத் தொடங்கின. பீடி இலை அதற்கு முன்பே போய்க்கொண்டிருந்தது. மஞ்சள் மூட்டை பிடிபட்ட செய்தி வரும்போதெல்லாம் எனக்கு ஈரோட்டு மார்க்கெட் வாசம் நினைவுக்கு வரும். ஒரு நாள் நள்ளிரவில் கரையோரம் நடந்துகொண்டிருந்தபோது அந்த வாசமே வந்தது. உப்புக்காற்றில் மஞ்சள் வாசம் வரக் காரணம் எதுவுமில்லை. பக்கத்துப் புதருக்குப் பின்னால் சாக்குகள் இருந்தன. விரலி மஞ்சள், கிழங்கு கலக்காதது, நல்ல சரக்கு. கூட இருந்தவர்கள் வியந்தார்கள். நான் மஞ்சள் வேகவைக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் என்று அவர்களுக்குத் தெரியாது.

இதில் புதியவர்கள் ஒரு தவறு செய்கிறார்கள். மஞ்சள் நம் நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள் அல்ல. ஒருவர் வீட்டிலோ வண்டியிலோ நான்கு மூட்டை மஞ்சள் இருப்பது குற்றமல்ல. சுங்கத்துறைக்குத் தெரியாமல் நாட்டுக்கு வெளியே அனுப்ப முயல்வதுதான் குற்றம். அதனால் மூட்டையோடு படகு, எரிபொருள், நேரம், இடம், ஆள் எல்லாவற்றையும் சேர்த்துப் பதிவு செய்து, சரக்கைச் சுங்கத்துறையிடம் ஒப்படைத்து, ரசீது வாங்குங்கள். சுமை தூக்கியவரை அடித்து எந்தப் பயனும் இல்லை. அவருக்குக் கூலி மட்டும்தான் தெரியும், சரக்கு யாருடையது என்று தெரியாது.

கைது செய்வதைவிட அடிக்கடி நடப்பது

கடலில் யாரையாவது பிடிப்பதைவிட யாரையாவது தேடுவதுதான் அதிகம். இயந்திரம் நின்ற வள்ளம், திரும்பாத படகு, தவறி விழுந்த ஆள். 1093 கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டணமில்லா எண், 1554 கடலோரக் காவல்படையின் எண், விஎச்எஃப் கருவியில் ஆபத்து அழைப்புக்கு 16ஆம் சேனல். உங்கள் ஊர் மீனவர் வீடுகளில் முதல் இரண்டும் சுவரில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் படகிலிருந்தே ஒருவர் விழுந்தால், பார்த்தவர் கத்திவிட்டுக் கையை அவர் பக்கம் நீட்டியபடியே இருக்க வேண்டும். கண்ணை எடுக்கக் கூடாது, திரும்பக் கூடாது, வேறு வேலை செய்யக் கூடாது. அலைக்கு நடுவே ஒரு தலை தேங்காய் அளவுதான். ஒரு கணம் விட்டால் மறுபடி கிடைக்காது. மிதவையை வீசுங்கள். நீங்கள் குதிக்காதீர்கள். கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டியைக் குதித்து எடுத்த பழக்கம் நமக்கு உண்டு. கடலில் அந்தப் பழக்கம் ஒருவருக்குப் பதில் இருவரைத் தேட வைக்கும்.

புயல் எச்சரிக்கைக் கூண்டு என்று வானொலியில் கேட்டிருப்போம், நமக்கு அது மழை வருமா என்ற கேள்வி மட்டும். அங்கே துறைமுகத்தில் ஏற்றும் கூண்டுக்கு 1இலிருந்து 11 வரை எண் உண்டு; பொதுவாக எண் பெரிதானால் ஆபத்தும் பெரிது. ஏறியதும் கரை முழுக்க ஒலிபெருக்கியோடு போய்ச் சொல்ல வேண்டியவர் நீங்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலில் ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேராததன் விலையைக் கன்னியாகுமரி இன்னும் மறக்கவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை சாகர் கவச் என்ற ஒத்திகை நடக்கும். ஒரு குழு ஊடுருவுபவர்போலக் கரைக்கு வரப் பார்க்கும், மற்றவர்கள் பிடிக்க வேண்டும். என் முதல் ஒத்திகையில் அவர்கள் மீன் கூடையோடு ஏலத்துக்குள் நுழைந்து போய்விட்டார்கள். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்களைக் கண்டுபிடித்தது ஐஸ் விற்கும் அக்கா. "இவர்கள் யார் என்று தெரியவில்லை" என்று அவர் ஒருவருக்குத்தான் தோன்றியது.

கரைக்குத் திரும்பியதும்

படகை நன்னீரில் கழுவுங்கள், இயந்திரத்துக்குள்ளும் நன்னீர் ஓட விடுங்கள். உப்பு இரும்பைத் தின்னும் வேகம் நம் ஊர்ப் போர்வெல் குழாய்த் துருவைப்போல அல்ல, பல மடங்கு. எரிபொருளை அன்றே நிரப்புங்கள். அழைப்பு எப்போதும் இரவு இரண்டு மணிக்குத்தான் வரும். பூட்ஸைக் கழற்றி உப்பைத் தட்டிக் காய வையுங்கள். பிறகு பதிவேடு: கிளம்பிய நேரம், போன வழி, பார்த்த படகுகளின் எண்கள், பேசியவர்கள், காற்று, திரும்பிய நேரம். ஒன்றும் நடக்கவில்லை என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள்.

தங்கை மகள் போய் இரண்டு மாதம் கழித்துத் தொலைபேசியில் பேசினாள். வாந்தி நின்றுவிட்டதாம், ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொன்னாள், இடையில் ஆலந்தலையை விட்டுவிட்டாள். திருத்தினேன். பிறகு, "மாமா, நேற்று ஒரு வள்ளத்தைப் பார்த்தேன், எண் சரியாக இருந்தது, ஆனால் அது வழக்கமாகத் திங்கட்கிழமை கிளம்பாது" என்றாள். என்ன ஆயிற்று என்று கேட்டேன். படகுக்காரரின் மாமனார் இறந்து, அடுத்த ஊருக்குக் கடல் வழியாகவே போயிருக்கிறார்கள். அதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.